என்எச்எல் ஆட்டங்களை எந்தச் சானலிடம் கொடுப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "2005-இல் என்எச்எல், அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக், இஎஸ்பிஎன் போன்ற பெரிய சானலை விட்டுவிட்டு, மீன்பிடியும் வேட்டையும் காட்டிக்கொண்டிருந்த ஓஎல்என் என்ற சின்ன சானலுக்குப் போனது. அது தவறான முடிவா? ஒரு லீக் எதை வைத்து ஒளிபரப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?"

என் பதில்: தவறு இல்லை. அன்றைக்கு இருந்த நிலைமையில் அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறேன். அதற்காக எல்லாச் சின்ன சானலும் நல்ல சானல் ஆகிவிடாது. இதே லீக் 1988-லும் ஒரு சின்ன சானலுக்குப் போய் நன்றாக அடிபட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தாலே உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஆட்டத்தை விடாமல் பார்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், டிவிக்கு ஐஸ் ஹாக்கி ஏன் சிரமமான பண்டம் என்பது புரிய வேண்டும். பந்துக்குப் பதில் இங்கே பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன். நல்ல ஷாட் அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பழைய சதுரத் திரையில், மங்கலான படத்தில், பக் எங்கே இருக்கிறது என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. அகலத் திரையும் எச்டியும் வந்த பிறகுதான் இந்த ஆட்டம் டிவியில் உண்மையாகவே கண்ணுக்குப் பிடித்தது.

அடுத்தது விளம்பரம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் இடைவெளி உண்டு. ஹாக்கியில் 20 நிமிடப் பகுதிகள் மூன்று. ஒவ்வொரு பகுதியிலும் 6, 10, 14 நிமிடங்களைத் தாண்டியபின் ஆட்டம் எப்போது நிற்கிறதோ அப்போதுதான் விளம்பரம் போட முடியும். ஆட்டம் நிற்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில் சமநிலை வந்தால் யாராவது ஒரு கோல் போடும் வரை கூடுதல் நேரம் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு எல்லையே கிடையாது. 2020 ஆகஸ்ட் 11 அன்று டாம்பா பேயும் கொலம்பஸும் ஆடிய ஆட்டம் ஐந்து கூடுதல் பகுதிகள் நீண்டது. வழக்கமான 60 நிமிடத்துக்கு மேல் இன்னொரு 90 நிமிடம் 27 விநாடி. அதே அரங்கில் அடுத்து நடக்க வேண்டிய ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு சானலின் நிகழ்ச்சி அட்டவணையைப் போடுபவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எட்டு மணிக்கு வேறு நிகழ்ச்சியை விற்றிருக்கிறார். இந்த ஆட்டம் எட்டரைக்கு முடியுமா, பதினொன்றுக்கு முடியுமா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் நான் எப்போதும் ஒரே ஒரு கேள்வியில் ஆரம்பிப்பேன். அந்தச் சானல் வீட்டில் ஹாக்கி எத்தனையாவது பிள்ளை? மூத்த பிள்ளை என்றால் எட்டு மணி நிகழ்ச்சி தானாகத் தள்ளிப்போகும். நாலாவது பிள்ளை என்றால் ஹாக்கிதான் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

இஎஸ்பிஎன் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1999-இல் இஎஸ்பிஎன்னும், அதே குழுமத்தைச் சேர்ந்த, ஆன்டெனாவில் தெரியும் ஏபிசியும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு 60 கோடி டாலர் கொடுத்தன. அதற்கு முன் ஃபாக்ஸ் சானல் ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்தது 15.5 கோடிதான். பணத்தை மட்டும் பார்த்தால் என்எச்எல்லுக்கு அது பொற்காலம். ஆனால் 2002-இல் என்பிஏ கூடைப்பந்து அதே வீட்டுக்குள் வந்தது. வந்ததும் ஹாக்கி மெல்ல மெல்ல இஎஸ்பிஎன் 2-க்குத் தள்ளப்பட்டது. நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் கூடைப்பந்துக்கு. கணக்குப்படி அந்தச் சானல் செய்தது நியாயம்தான். இதில் ஹாக்கிக்கு ஆன சேதமும் உண்மை.

அப்புறம் 2004-05 வந்தது. சம்பள உச்சவரம்பு தகராறில் அணி முதலாளிகள் வீரர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். 2005 பிப்ரவரி 16 அன்று லீக் தலைவர் கேரி பெட்மன் முழுப் பருவத்தையும் ரத்து செய்தார். லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையே அந்த வருடம் இல்லை. மறு பருவத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்து உரிமையைத் தொடரும் வாய்ப்பு இஎஸ்பிஎன்னிடம் இருந்தது. அதை அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆன்டெனாவில் தெரியும் இன்னொரு பெரிய சானலான என்பிசியிடம் ஏற்கெனவே வேறு மாதிரி ஒப்பந்தம்: முன்பணம் ஒரு காசு கிடையாது, தயாரிப்புச் செலவு போக வரும் விளம்பர வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு பெரிய லீக், கையில் விலையே இல்லாத சரக்கோடு நின்ற நேரம் அது.

அப்போது வந்ததுதான் ஓஎல்என். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், மீன்பிடி, காளை மேல் ஏறும் போட்டி என்று காட்டிக்கொண்டிருந்த சானல். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 13.5 கோடி டாலர் தருவதாகச் செய்தி வந்தது. அதே தொகையைக் கொடுத்து உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு மறுபடியும் இஎஸ்பிஎன்னுக்குப் போனது. அதையும் அவர்கள் எடுக்கவில்லை. ஆகவே "இஎஸ்பிஎன்னை விட்டுவிட்டார்கள்" என்று சொல்வது முழுச் சரியில்லை. யார் யாரை விட்டார்கள் என்று தேதி போட்டுப் பார்த்தால் கதை வேறு.

இஎஸ்பிஎன் தெரிந்தது சுமார் 9 கோடி வீடுகளில். ஓஎல்என் தெரிந்தது சுமார் 6.4 கோடி வீடுகளில். அதாவது இரண்டரைக் கோடிக்கு மேலான வீடுகள் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. ரசிகர்கள் கொதித்தார்கள். பயணத்தில் இருப்பவர்கள் ஹோட்டல் அறையில் சானல் சானலாக மாற்றிப் பார்த்துவிட்டு, ஆட்டம் எதிலும் இல்லை என்று புலம்புவது அந்த வருடங்களின் நிரந்தரப் பாட்டு. அது நியாயமான கோபம்தான், நானும் அப்படிப் புலம்பியவன்.

ஆனால் ஓஎல்என்னுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? காம்காஸ்ட். அமெரிக்காவின் மிகப்பெரிய கேபிள் நிறுவனம். வீட்டுக்கு வீடு கம்பி இழுத்திருப்பவரே சானலையும் வைத்திருந்தார். பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணியும் அதே குடும்பத்தின் கையில். விளையாட்டுச் சானலாக வளர வேண்டும் என்று அவர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வேறு பெரிய லீக் எதுவும் இல்லை. ஹாக்கி அந்த வீட்டில் மூத்த பிள்ளை. பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான சிட்னி கிராஸ்பியும் அலெக்ஸ் ஓவெச்கினும் முதல் பருவம் ஆடியதும் அதே 2005-06-இல்தான்.

இப்போது 1988-க்கு வருவோம். அந்த ஆகஸ்ட் 9 அன்று வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றிக் கொடுத்தது. கனடாவே அழுதது, அமெரிக்காவோ ஹாக்கியைத் திரும்பிப் பார்த்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரர், ஹாலிவுட் இருக்கும் ஊரில்! டிவியில் ஆட்டத்தைப் பரப்ப அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? அதே ஆண்டில்தான் லீக் இஎஸ்பிஎன்னை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ்சானல் அமெரிக்காவுக்குப் போனது. காரணம் மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடி டாலர். இஎஸ்பிஎன் கொடுக்கத் தயாராக இருந்ததைவிட அதிகம். ஆனால் அந்தச் சானல், இஎஸ்பிஎன் தெரிந்த வீடுகளில் ஒரு சிறு பங்கில்தான் தெரிந்தது. கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸில் ஆடிய முதல் நாலு பருவங்களை அமெரிக்காவின் பெரும்பகுதி பார்க்கவே இல்லை. 1992-இல் லீக் மறுபடி இஎஸ்பிஎன்னிடம் திரும்பியது. ஸ்போர்ட்ஸ்சானல் வீட்டிலும் ஹாக்கி மூத்த பிள்ளைதான், ஆனால் வீட்டுக்குப் போகும் பாதையே இல்லை. ஓஎல்என்னுக்கு அந்தப் பாதை இருந்தது, காம்காஸ்ட் அதை இன்னும் அகலப்படுத்தவும் முடியும். ஆகவே என் முதல் கேள்விக்கு ஒட்டிப் பிறந்த இரண்டாவது கேள்வி: அந்தச் சானலின் சொந்தக்காரர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது?

நடுவில் இருந்த ஃபாக்ஸ் காலத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1996 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் அவர்கள் ஒளிரும் பக்கைக் கொண்டுவந்தார்கள். பக்கை இரண்டாகப் பிளந்து உள்ளே மின்சுற்றும் பேட்டரியும் அகச்சிவப்பு விளக்குகளும் வைத்து ஒட்டினார்கள். திரையில் அதைச் சுற்றி நீல ஒளி. வேகமாக அடித்தால் பின்னால் சிவப்பு வால். பழைய ரசிகர்கள், முக்கியமாகக் கனடாக்காரர்கள், அதைச் சகிக்கவில்லை, 1998-இல் நின்றது. எனக்கு அந்த முயற்சி மேல் மரியாதை உண்டு. பக் தெரியவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போகாமல், அதற்கு ஒரு வழி தேடிய ஒளிபரப்பாளர் அவர்கள்.

பெரிய சானலில் நாலாவது பிள்ளையாக இருப்பது எப்படி இருக்கும் என்று காட்ட ஒரே ஒரு மாலை போதும். 2007 மே 19, சனிக்கிழமை, பஃபலோ. கிழக்குப் பிரிவு இறுதியின் ஐந்தாவது ஆட்டம். ஒட்டாவா ஜெயித்தால் ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போகும். மூன்று பகுதிகள் முடிந்து 2-2. கூடுதல் நேரம். வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள், அரங்கில் யாரும் உட்காரவில்லை. அந்த நேரத்தில் என்பிசி பால்டிமோருக்குப் போய்விட்டது. அங்கே பிரீக்னெஸ் குதிரைப் பந்தயம். பந்தயம்கூட இல்லை, பந்தயத்துக்கு முந்தைய நிகழ்ச்சி. குதிரைகளையும் தொப்பி வைத்த சீமாட்டிகளையும் காட்டினார்கள். கூடுதல் நேரம் வெர்சஸ் சானலுக்கு மாற்றப்பட்டது. ஓஎல்என்தான் முந்தைய ஆண்டில் அந்தப் பெயருக்கு மாறியிருந்தது. அந்தச் சானல் வராத வீடுகளில் இருந்தவர்கள் ஒட்டாவாவின் டேனியல் ஆல்ஃப்ரெட்சன் 9 நிமிடம் 32 விநாடியில் போட்ட வெற்றி கோலைப் பார்க்கவே இல்லை. ஒட்டாவாவை இறுதிக்கு அனுப்பிய கோல் அது. என்பிசியைத் திட்டிப் பயனில்லை. பந்தயத்துக்கான ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹாக்கிக்கு முன்பணமே கொடுக்காதவர்களை எதைச் சொல்லிக் கட்டிப்போடுவது?

அதே என்பிசிதான் ஏழரை மாதத்தில் ஹாக்கிக்கு மிகப்பெரிய பரிசையும் கொடுத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஜனவரி 1 அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்தின் நாள். என்பிசியிடம் அன்றைக்குக் காட்ட ஆட்டம் இல்லை. அங்கே இருந்த ஜான் மில்லர் என்ற நிர்வாகி, திறந்தவெளியில் ஒரு ஹாக்கி ஆட்டம் நடத்தலாம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 2008 ஜனவரி 1 அன்று பஃபலோவின் கால்பந்து மைதானத்தில், 71,217 பேருக்கு முன்னால், பிட்ஸ்பர்க்கும் பஃபலோவும் ஆடின. பனி கொட்டிக்கொண்டே இருந்தது. கோல்கீப்பர்கள் முகக்கவசத்துக்கு மேல் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள். பக் போகும் வழியெல்லாம் பனி குவிந்து, அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தி வழித்துத் தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் ஷூட்அவுட், அதாவது கோல்கீப்பரை ஒவ்வொரு வீரராகத் தனியாக எதிர்கொள்வது. பிட்ஸ்பர்க்கின் கிராஸ்பி மையக்கோட்டிலிருந்து கிளம்பி, பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, பக்கை பஃபலோ கோல்கீப்பர் ரயன் மில்லரின் கால்களுக்கு இடையில் தள்ளினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடிக் கோளத்தைக் குலுக்கினால் உள்ளே பனி பெய்யுமே, அதுபோல. வின்டர் கிளாசிக் என்று பெயர் வைத்த அந்தத் திறந்தவெளி ஆட்டம் இன்றும் நடக்கிறது. இதுபோன்ற யோசனையை எந்தக் காசோலையிலும் எழுத முடியாது. ஒளிபரப்பாளர் வீட்டில் ஹாக்கிக்காக யோசிக்கும் ஒரு ஆளாவது இருக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த ஆள் யார் என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

2009 செப்டம்பரில் வெர்சஸுக்கும் சாட்டிலைட் டிவி நிறுவனமான டைரக்ட்டிவிக்கும் கட்டணத் தகராறு. ஆறு மாதத்துக்கு மேல் சாட்டிலைட் டிஷ் வைத்திருந்த 1.4 கோடி வீடுகளில் அந்தச் சானல் இல்லை. சின்ன சானலை நம்பியதற்குக் கொடுத்த விலை அது. ஆனாலும் 2005-இல் போட்ட விதை 2011-இல் முளைத்தது. காம்காஸ்ட் என்பிசியையே வாங்கிவிட்டது. சின்ன சானலும் பெரிய சானலும் ஒரே வீடு ஆயின. அந்த ஏப்ரலில் பத்து ஆண்டுகளுக்குச் சுமார் 200 கோடி டாலர் ஒப்பந்தம். ஆறு வருடத்துக்கு முன் முன்பணமே தராத என்பிசி! 2012 முதல் பிளேஆஃப் ஆட்டம் ஒவ்வொன்றும் நாடு முழுக்க நேரலையில் வந்தது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. ஓஎல்என் சரியான முடிவு என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

2021-இல் அந்த வீடும் கலைந்தது. என்பிசிஎஸ்என் என்று பெயர் மாறியிருந்த அதே பழைய ஓஎல்என்னை மூடப்போவதாக என்பிசி அறிவித்தது. என்எச்எல் இந்த முறை இருவரிடம் பிரித்துக் கொடுத்தது. இஎஸ்பிஎன்-ஏபிசிக்கு ஒரு பங்கு, டிஎன்டி என்ற கேபிள் சானலுக்கு ஒரு பங்கு, இரண்டும் ஏழு ஆண்டுகளுக்கு. இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு 60 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் செய்தி. முன்பைவிட மூன்று மடங்கு. இறுதிச் சுற்றை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள்: இரட்டைப்படை ஆண்டுகளில் ஏபிசி, ஒற்றைப்படை ஆண்டுகளில் டிஎன்டி.

பணம் பிரமாதம். ஆனால் இறுதிச் சுற்றைக் கேபிளில் போடுவது எனக்கு உறுத்துகிறது. 2022-இல் ஏபிசியில் கொலராடோ-டாம்பா பே இறுதியைச் சராசரியாக 46 லட்சம் பேர் பார்த்தார்கள். 2023-இல் டிஎன்டியில் வேகஸ்-ஃபுளோரிடா இறுதியைச் சுமார் 26 லட்சம் பேர். அணிகள் வேறு, ஊர்கள் வேறு என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் இந்த வித்தியாசம் பெரிது. டிஎன்டியின் ஸ்டுடியோவை நான் விரும்பிப் பார்ப்பவன். கிரெட்ஸ்கியை உட்கார வைத்து, சிரித்துப் பேசி, ஆட்டத்தை அழகாக விளக்குகிறார்கள். அவர்கள் வீட்டில் ஹாக்கிக்கு மரியாதை இருக்கிறது. இருந்தும் கேபிள் இல்லாத வீட்டுப் பையன் கோப்பையைத் தூக்கும் காட்சியைப் பார்க்க முடியாமல் போகிறது. ஆண்டு முழுக்க டிஎன்டியிடம் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், இறுதியை மட்டும் ஆன்டெனா வைத்தால் தெரியும் சானலில் வைத்திருக்க வேண்டும்.

கனடாவின் கணக்கு நேர் எதிர். அங்கே எல்லா வீட்டிலும் ஹாக்கிதான் மூத்த பிள்ளை. சனிக்கிழமை இரவு பொதுத்துறைச் சானலான சிபிசியில் ஹாக்கி நைட் இன் கனடா 1952 முதல் ஓடுகிறது. 2013 நவம்பரில் ரோஜர்ஸ் நிறுவனம் 12 ஆண்டுகளுக்கு 520 கோடி கனடிய டாலர் கொடுத்து நாட்டளவிலான முழு உரிமையையும் வாங்கியது. சிபிசியில் நிகழ்ச்சி தொடர்ந்தது, ஆனால் விளம்பரப் பணமும் அதிகாரமும் ரோஜர்ஸிடம். மக்களுக்கு வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்த தொகுப்பாளர் ரான் மக்லீனை எடுத்துவிட்டு, இளைஞர்களைப் பிடிக்கலாம் என்று ஜார்ஜ் ஸ்ட்ரம்பலாபலஸை உட்கார வைத்தார்கள். பார்வையாளர்கள் ஏற்கவில்லை, 2016-இல் மக்லீனே திரும்ப வந்தார். அதே 2016-இல் பிளேஆஃபுக்கு ஒரு கனடிய அணிகூடத் தேறவில்லை. 1970-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 520 கோடி கொடுத்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆனாலும் ரோஜர்ஸ் விடவில்லை. 2026-27 முதல் இன்னொரு 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடி கனடிய டாலருக்கு 2025 ஏப்ரலில் கையெழுத்தானது.

கனடாவில் நடந்த இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2008-இல் ஹாக்கி நைட்டுக்குப் பஞ்சாபி வர்ணனை வந்தது. 2014-இல் அது பன்மொழிச் சானலான ஆம்னிக்கு மாறியது. 2016 இறுதியின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் நிக் பொனீனோ வெற்றி கோல் போட்டபோது, வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங் "பொனீனோ, பொனீனோ, பொனீனோ" என்று மூச்சுவிடாமல் கத்தியது உலகம் முழுக்கப் பரவியது. பிட்ஸ்பர்க் கோப்பையை வென்றதும் வெற்றி விழாவுக்கு அந்த வர்ணனைக் குழுவையும் அழைத்தார்கள். ஒரு சானல் எத்தனை வீடுகளில் தெரிகிறது என்று மட்டும் எண்ணுபவர்கள், அந்த வீடுகளில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் பாட்டியும் பேரனும் சேர்ந்து பார்க்கும் வீடுகள் கிடைக்கும்.

உள்ளூர் ஒளிபரப்பைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் பருவ ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்தந்த அணியின் வட்டாரச் சானல்தான் காட்டும். டென்வரில் கொலராடோ அணியின் ஆட்டங்களைக் காட்டும் ஆல்டிடியூட் சானலுக்கும் காம்காஸ்டுக்கும் 2019-இல் வந்த தகராறு 2025 வரை தீரவில்லை. நடுவில் அந்த அணி கோப்பையே வென்றது. அந்தப் பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்கள் ஊரில் பல வீடுகளில் தெரியவில்லை. பல வட்டாரச் சானல்களை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்பு கோரியது. அந்த ஆண்டிலேயே வேகஸ் அணி இலவசமாகத் தெரியும் ஸ்க்ரிப்ஸ் நிலையங்களுக்குப் போனது. டாலஸ் அணி 2024 முதல் விக்டரி பிளஸ் என்ற இலவச ஸ்ட்ரீமிங்கில் காட்டுகிறது. இவர்கள் உரிமைப் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்வையாளரைப் பிடிக்கிறார்கள். ஹாக்கி அணிக்கு டிக்கெட் வருமானம் பெரிது; பார்க்காதவன் டிக்கெட் வாங்க மாட்டான். அதனால் எனக்கு இந்தப் போக்கு பிடித்திருக்கிறது.

அமெரிக்க ஒப்பந்தங்கள் 2027-28 பருவத்தோடு முடிகின்றன. அடுத்து யார் வந்தாலும் தொகையைப் பேசி முடித்த பிறகு கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: பிளேஆஃப் ஆட்டம் எந்தச் சானலில் தொடங்குகிறதோ, கடைசி கோல் விழும் வரை அதே சானலில் இருக்க வேண்டும். குதிரைகள் காத்திருக்கட்டும்.